பிலோமினா மெலிந்ததை நான் நம்பவில்லை

ஹட்டனில் பெண்களுக்கென்று உடற்பயிற்சி வகுப்பு நடத்தும் ஷர்மிளா, தங்கள் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டு வந்தார். தலைப்பையும் அவரே தீர்மானித்திருந்தார்: 'பெண்கள் உடல் கொழுப்பைக் குறைக்க எளிய வழிகள்.' நான் தேயிலைத் தோட்ட மருத்துவ உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டத்து ஜனங்கள் எங்களை டாக்டரையா என்பார்கள். டாக்டர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

"இப்ப எல்லாரும் போன்ல பாத்துக்கிட்டு கண்டதையும் குடிக்கிறாங்க ஐயா. கொள்ளுத் தண்ணிங்கிறாங்க, பவுடருங்கிறாங்க. நாங்க சொன்னா கேக்குறதில்ல. நீங்க எழுதிக் குடுத்தா நம்புவாங்க."

நம்புவாங்க என்ற சொல் என்னை உறுத்திற்று. எழுதித் தருகிறேன் என்றேன். ஆனால் எளிய வழி எதுவும் எனக்குத் தெரியாது. அப்படி ஒன்றை யாராவது விற்க வந்தால் அவர் பையில் வேறு என்ன இருக்கிறது என்று பார்ப்பேன்.

ஷர்மிளாவை ஏமாற்றக்கூடாது என்பதால், எனக்குத் தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியாகக் கரைக்கும் பயிற்சி கிடையாது. எந்த இடத்தில் முதலில் குறைவது என்பதை உடம்பே முடிவு செய்யும். சாயத்தண்ணீரில், பால் விடாத தேநீரில், போடும் சீனியிலிருந்து தொடங்குங்கள். கோதுமை மா ரொட்டியில் பாதியைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்போ முட்டையோ நெத்தலியோ வையுங்கள். கீரையைச் சம்பல் அளவுக்கு அல்ல, சோற்றின் அளவுக்கு வையுங்கள். காலையில் பட்டினி கிடந்துவிட்டு மத்தியானம் தட்டை நிரப்பாதீர்கள். மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் நாள் முழுவதும் நடக்கத்தான் செய்கிறார்கள். அந்த நடைக்கு உடம்பு பழகிவிடுகிறது. ஆகவே உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது போலத் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும். மெதுவாகக் குறைகிற எடைதான் திரும்பி வராமல் நிற்கும். விரைவாகக் குறைந்தால், அதுவும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே குறைந்தால், மகிழாதீர்கள். மருத்துவரிடம் போங்கள். இந்தக் கடைசிப் புத்தியை நான் ஒரு பெண்ணின் வலது கையைச் செலவழித்துப் பெற்றேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, நன்றாகப் படித்து, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சி முடித்து, பூண்டுலோயாவில் ஒரு தோட்டத்துக்கு வேலைக்குப் போனேன். அங்கிருந்து வட்டகொடை, பிறகு பொகவந்தலாவைப் பக்கம். காயத்துக்குக் கட்டுப் போடவும் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கவும் ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டேன். தோட்டத்தில் வேறொன்றைக் கற்றுக்கொண்டேன். காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் இடத்துக்கு, வராமல் டிஸ்பென்சரிக்கு வருகிறவருக்கு நோயா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதுதான் எங்கள் முதல் வேலை. நான் துண்டு எழுதிக் கொடுத்தால் அன்றைக்கு ஓய்வு. கொடுக்காவிட்டால் மலைக்குப் போகவேண்டும்.

சூடான சாயத்தண்ணீரை வாயில் அடக்கிக்கொண்டு வந்து, தெர்மோமீட்டரை வைக்குமுன் விழுங்கியவர்களைப் பிடித்திருக்கிறேன். கக்கத்தில் வெங்காயம் வைத்துக்கொண்டு வந்தவரை வாசனையாலேயே பிடித்தேன். அதைத் தோட்ட நிர்வாகியான துரையிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக நான் மேலும் பலரைப் பிடித்தேன். சில ஆண்டுகள் போனதும், முன்னால் நிற்கிறவர் சொல்வதில் எது பொய் என்று தேடாமல் என்னால் ஒரு நோயாளி பேசுவதைக் கேட்கவே முடியாமல் போயிற்று.

எங்கள் பகுதிக்கு மாதமொருமுறை வந்து பார்த்த அரசாங்க மருத்துவர் டாக்டர் நிலந்தி. சிங்களப் பெண்மணி. லயத்துப் பெண்களிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றவர். வந்ததும் சூடான தேநீர்க் கிளாஸை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்காருவார். குடிப்பதற்காக என்று நான் நினைத்திருந்தேன். கையைச் சூடாக்கிக்கொள்ளத்தான். அந்தக் குளிரில் ஜில்லென்ற கையை வைத்தால் வயிறு இறுகிவிடும், ஒன்றும் தெரியாது என்பார். நோயாளியை நிற்க வைக்கமாட்டார். தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார். பிறகு மணிக்கட்டைப் பிடித்தபடி சம்பந்தமில்லாமல் பேசுவார். மழை பெய்ததா, மகள் பள்ளிக்கூடம் போகிறாளா, பஸ் நேரத்துக்கு வருகிறதா. அவர் ஊர்க்கதை பேசுகிறார் என்று எரிச்சலோடு நிற்பேன். அந்த நேரம் முழுவதும் அவர் விரல்கள் நாடியில் இருக்கும்.

ஒருமுறை ஒரு பெண்ணை நான் குறுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது டாக்டர் நிலந்தி என்னை ஒரு பக்கமாக அழைத்தார். ஐயா என்பதைச் சிங்களத்தில் மாத்தயா என்பார்.

"மாத்தயா, நீங்க பொலிஸ் மாதிரி கேக்கிறீங்க."

"பொய் சொல்றாங்க டாக்டர்."

"சொல்லட்டும். ஏன் சொல்றாங்கன்னு கேளுங்க. அதுக்கும் சேத்துத்தான் நம்மளுக்குச் சம்பளம்."

நான் சிரித்துவிட்டு மறந்துபோனேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்களுக்குப் பெரிய தொல்லை மெலிவு. கர்ப்பிணிகளுக்குச் சத்துமா கொடுப்போம். ஓய்வு பெறும் காலம் நெருங்கியபோது அதே லயங்களில் வேறு உடம்புகளைப் பார்த்தேன். கைகால் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் தள்ளியிருக்கும். சீனி வியாதியும் பிரஷரும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டன. கம்பனியின் தலைமைக் காரியாலயம் பெண்களின் உடல்நலத்துக்கு ஏதாவது செய்யச் சொன்னது. எங்கள் துரைக்கு ஒரு யோசனை தோன்றிற்று. எடை குறைப்புப் போட்டி. அதிகம் குறைப்பவருக்கு ரைஸ் குக்கர் பரிசு.

போட்டி என்று காதில் விழுந்ததுமே என் சந்தேகம் விழித்துக்கொண்டது. அதற்குக் காரணமும் இருந்தது. முதல் எடை எவ்வளவு கூடுகிறதோ, கடைசியில் குறைந்ததாகக் காட்டுவது அவ்வளவு சுலபம். முதல் நாள் சில பெண்கள் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆகவே நான் ஒரு சட்டம் போட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு ஸ்வெட்டரோடுதான் தராசில் ஏறவேண்டும். கூடவும் கூடாது, இல்லாமலும் கூடாது. ஸ்வெட்டருக்கென்று ஓர் அளவை நானே கழித்துக்கொள்வேன்.

பிள்ளைக்காம்பராவில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்தில், தராசை வைத்தோம். போட்டியில் சேர்ந்திருந்த கொழுந்துக்காரி பார்வதிக்கு வாய் நீளம்.

"கொழுந்து நிறுக்கையில தண்ணிக்குக் கழிக்கிறாங்க, கூடைக்குக் கழிக்கிறாங்க. இப்ப ஒடம்புக்கும் கழிவு வந்திருச்சா?" என்றாள் முதல் நாளே.

"இங்க கழிச்சா நல்லதுதானடி. நீ ஏண்டி அழுவுற?" என்றாள் இன்னொருத்தி.

"ஆமா, அங்க கழிச்சா வயித்தெரிச்சலு, இங்க கழிச்சா சந்தோஷம். ஐயா, எனக்கு மட்டும் நாலு ஸ்வெட்டருக்குக் கழிச்சிருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பார்வதியின் ஸ்வெட்டர் பைகளைத் தொட்டுப் பார்க்காமல் விடவில்லை.

இடுப்பளவைத் தோட்டத்து மருத்துவிச்சியம்மா திரைக்குப் பின்னால் எடுப்பார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை விட்டு முடிக்கும்போது பார்க்கவேண்டும். பெண்கள் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று, "எக்குறாங்களா பாருங்க, எக்குறாங்களா பாருங்க" என்று கத்திக்கொண்டிருப்பேன்.

போட்டியில் சேர்ந்தவர்களில் ஒருவர் பிலோமினா. ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தவர், கொழுந்து எடுப்பதில் பேர் பெற்றவர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். கணவர் இறந்துவிட்டார், மகன் கொழும்பில் கடை வேலை. போட்டி தொடங்கும்போது நல்ல கனத்த உடம்புதான். முதல் இரண்டு மாதம் எல்லோரையும் போலக் கொஞ்சம் குறைந்தார். பிறகு வேகமாகக் குறையத் தொடங்கினார். மற்றவர்கள் அரை அரைக் கிலோவாக இறங்கிக்கொண்டிருந்தபோது அவர் கடகடவென்று இறங்கினார். ஜாக்கெட் தோளில் தொங்கிற்று. நான் அவரை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கைதட்டச் சொன்னேன். அவர் வெட்கப்பட்டுத் தலைகுனிந்துகொண்டார்.

அடுத்த முறை பனி மூட்டமாக இருந்த ஒரு காலை. பிலோமினா ஸ்வெட்டர் இல்லாமல் வந்தார்.

"எங்க ஸ்வெட்டர்?"

"வேக்குதுங்கய்யா. போட முடியல."

பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையைக் காதுவரை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தால் புகை வந்தது. அந்தக் குளிரில் ஒருவருக்கு வியர்க்கிறதாம். தராசை ஏய்க்க வந்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். பார்வதியின் ஸ்வெட்டரைக் கழற்றி வாங்கி அவரைப் போட வைத்து நிறுத்தேன். அதற்குப் பிறகும் எடை குறைந்துதான் இருந்தது. அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்ததை நான் பார்த்தேன். மாட்டிக்கொண்ட பயம் என்று நினைத்தேன்.

அன்று மாலையே பெண்கள் இரண்டு பேர் டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். பார்வதியும் அவள் கூட்டாளியும்.

"ஐயா, நாங்க பொறாமையில சொல்லல. ஆனா பிலோமினாக்கா ஒண்ணும் கொறைச்சுச் சாப்பிடுறதில்ல."

"எப்படித் தெரியும்?"

"மலையில ஒண்ணாத்தானய்யா உக்காந்து திங்கிறோம். முந்தி ரெண்டு ரொட்டி கொண்டாந்தாங்க. இப்ப அஞ்சு கொண்டாராங்க. அதும் பத்தாம எங்க ரொட்டியிலயும் பிச்சுக்கிறாங்க."

"அப்புறம் எப்படிக் கொறையுது?"

பார்வதி குரலைத் தாழ்த்தினாள். "மொத நாளு மடியில கல்லக் கட்டிக்கிட்டு வந்திருப்பாங்கய்யா. வேற எப்படி?"

இதைவிடத் தெளிவாக ஒரு நோயை யாரும் வந்து சொல்ல முடியாது. நிறையச் சாப்பிடுகிறார், மெலிகிறார், குளிர் தெரியவில்லை, வியர்க்கிறது. பயிற்சிக் காலத்தில் நான் படித்த பாடம். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் அன்று நான் கேட்டது நோயைப் பற்றிய தகவலாக அல்ல. குற்றத்துக்குக் கிடைத்த சாட்சியாகக் கேட்டேன். நிறையச் சாப்பிடுகிறவர் மெலிய முடியாது, ஆகவே அவர் மெலியவில்லை, ஆகவே முதல் எடை பொய். இந்தக் கணக்கு எனக்கு அவ்வளவு நேர்த்தியாகத் தோன்றிற்று.

கங்காணியிடம் கேட்டேன். அவர் இன்னொன்றும் சொன்னார். "அவுங்க வேலையும் சரியில்லைங்கய்யா. முந்தி பூப்போல எடுப்பாங்க. இப்ப முத்தலையும் காம்பையும் சேத்துப் பிய்க்கிறாங்க. கேட்டா கை நடுங்குதுங்கிறாங்க. குக்கரு ஞாபகத்துல வேலையில புத்தி இல்ல."

அதையும் நம்பினேன். எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், ஒருவரைக் குற்றம் சொன்னவர்களை மட்டும் சந்தேகப்படவில்லை.

அடுத்த நிறுவையின்போது மருத்துவிச்சியம்மாவிடம் பிலோமினாவைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சோதிக்கச் சொன்னேன். மடி, இடுப்பு, உள்பாவாடை எல்லாவற்றையும். இப்போது கனம் எதையும் மறைத்து அவருக்கு ஒரு லாபமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். எல்லோர் முன்னாலும் அவர் சோதிக்கப்படவேண்டும் என்று விரும்பினேன், அவ்வளவுதான். சேலை சரசரக்கும் சத்தம் கேட்டது.

மருத்துவிச்சியம்மா வெளியே வந்தார். "ஒண்ணும் இல்லைங்கய்யா. எலும்புதான் இருக்கு," என்றார். அவர் முகம் சரியாக இல்லை. என்னை ஏதோ கேட்க வந்தவர் போலிருந்தார். நான் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

பிலோமினா சேலையைச் சரிசெய்துகொண்டே வந்து என் முன்னால் நின்றார்.

"ஐயா, என்னைய நம்பலைங்களா?"

"மொத நாளு எப்படி வந்தீங்கன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"நடந்துதாங்கய்யா வந்தேன்."

யாரோ சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. "நல்லது. நடக்கத் தெரியுமில்ல? நாளையிலேருந்து எல்லாரும் பாக்குற மாதிரி நடங்க. பெரட்டுக்கு முந்தி கீழ் லயத்திலேருந்து பெக்டரி மேடு வரைக்கும் ஏறி எறங்குங்க. பார்வதி பாத்துச் சொல்லட்டும். நெசமாவே பயிற்சி செஞ்சுதான் கொறைச்சீங்கன்னா அதுவும் முடியணும்."

அந்த மேடு இளவட்டங்களே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிப் போகிற மேடு.

அவர் நடந்தார். விடியற்காலையில் பார்வதி கீழே நின்று பார்த்தாள். இரண்டாவது வாரத்தில் பிலோமினா டிஸ்பென்சரிக்கு வந்தார். காலை நேரம், வரிசை நீளமாக இருந்தது. அவர் முறை வந்தபோது பெஞ்சில் உட்காராமல் நின்றார். வாசல் நிலையைப் பிடித்திருந்த கை நடுங்கிற்று. கண்ணாடி வளையல்கள் மெல்ல ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்தன.

"ஐயா, நெஞ்சு படபடன்னு அடிக்குது. படுத்தாலும் நிக்க மாட்டேங்குது. இன்னிக்கு மேட்டுக்குப் போவல. துண்டு ஒண்ணு எழுதித் தாங்கய்யா."

துண்டு என்ற சொல் காதில் விழுந்ததும் நான் பழைய ஆளாகிவிட்டேன்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நெடுங்காலம் யாரிடமும் சொன்னதில்லை. "பொய் சொல்றவங்களுக்கு நெஞ்சு அப்படித்தாம்மா அடிக்கும். போங்க, போயி நடங்க."

அவர் மணிக்கட்டு எனக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. நான் தொடவில்லை.

அவர் போய் நடந்தார். சில நாட்களுக்குப் பிறகு ஒரு காலை, மேட்டிலிருந்து இறங்கி நேரே பெரட்டுக்கு வந்து நின்றவர், கங்காணி பேர் கூப்பிட்டபோது பதில் சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலது பக்கம் துவண்டு அப்படியே சரிந்தார். கொழுந்து லொறியில் மெத்தை போட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் பின்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வழி முழுவதும் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நிலந்தி இருந்தார். பார்த்து முடித்து, செய்யவேண்டியதை எல்லாம் செய்ய ஏற்பாடு பண்ணிவிட்டு, என்னைக் கட்டிலுக்கு அருகில் அழைத்தார். கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து பிலோமினாவின் மணிக்கட்டில் வைத்தார்.

"என்ன தெரியுது மாத்தயா?"

நாடி தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் ஓர் ஒழுங்கே இல்லை. "சீரா இல்ல டாக்டர்."

"கழுத்தப் பாருங்க. கண்ணப் பாருங்க. தைரொயிட் அளவுக்கு மேல வேலை செய்யுது. சாப்பிடுற சாப்பாடெல்லாம் எரிஞ்சு போகுது. நெஞ்சு ஒழுங்கில்லாம அடிச்சு, ரத்தம் கட்டிப்பட்டு, மூளைக்குப் போயிருச்சு. ஒரே நாள்ல வர்ற விஷயம் இல்ல. ஒங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். வேர்த்தது, பசித்தது, கை நடுங்கியது, நெஞ்சு அடித்தது.

"அப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"பரிசோதிக்கத் தவறிட்டேன் டாக்டர்," என்றேன். அது உண்மை. ஆனால் அவர் கேட்டதற்குப் பதில் அல்ல. டாக்டர் வேறு கட்டிலுக்குப் போய்விட்டார்.

தோட்டத்தில் துரை கேட்டபோது பிரஷர் என்றேன். விசாரணை வந்தால் என்ன ஆகும் என்ற பயம். போட்டியை அத்தோடு நிறுத்திவிட்டார்கள். பிலோமினா உயிர் பிழைத்தார். மருந்தில் தைரொயிட் அடங்கிற்று. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பிற்று. வலது கை திரும்பவில்லை. கொழுந்து எடுத்த கை அது. தோட்டத்தார் போட்ட மாலையோடு நான் ஓய்வு பெற்றேன்.

ஷர்மிளா கட்டுரை கேட்டுவிட்டுப் போனபின் என்னால் மேசையில் உட்கார முடியவில்லை. பஸ் ஏறிப் பொகவந்தலாவைக்குப் போனேன். பிலோமினா லயத்து வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்து இடது கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வாய் இன்னமும் லேசாகக் கோணியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்கம்மா," என்று சொல்லி நான் படியில் உட்கார்ந்தேன். சொல்ல வந்ததைச் சொன்னேன். அது நோய் என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும், அவர் வந்து சொன்னார், நான் நாடியைக்கூடப் பார்க்கவில்லை, துரையிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

அவர் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார்.

"நெஞ்சு அடிச்சா பொய்யின்னு சொன்னீங்க."

"ஆமா."

"நா என்னா பொய்யி சொன்னேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன்யா. ஒண்ணும் வெளங்கல. சாமியாருகிட்ட போயி பாவசங்கீர்த்தனம் பண்ணுனேன். என்னா பாவம் பண்ணுனீங்கன்னு கேட்டாரு. எனக்குத் தெரியலைங்க சாமி, டாக்டரையாவுக்குத்தான் தெரியும்னேன்."

அவர் இன்னொரு கீரைத் தண்டை எடுத்தார்.

"படிச்சவரு சொல்றாரு, இருக்கும்னு நெனச்சேன். அதான் மறுநாளும் நடந்தேன்."

"நீங்க ஒரு பொய்யும் சொல்லலம்மா."

"அது எனக்கு இப்பத் தெரியும்யா." அவர் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினார். "எங்கிட்ட வந்து சொல்லி என்னாத்துக்கு? குக்கருக்கு ஆசப்பட்டு பொய் சொன்ன வாயி, அதான் சாமி கோணலாக்கிட்டாருன்னு இந்த லயத்துல இன்னிக்கும் பேசுறாங்க. சின்னப்புள்ளைங்க பொய் சொன்னா, பிலோமினா மாதிரி ஆயிருவேன்னு பயங்காட்டுறாங்க. எங் காதுபடவே. அவுங்ககிட்ட சொல்லுங்க."

"எப்ப?"

"இப்ப கொழுந்து நிறுக்க வருவாங்க."

அவர் உள்ளே போய் வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தார். ஊன்றுகோலோடு மெதுவாக நடந்தார். தாங்கிப் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். பலர் என்னை அடையாளம் கண்டு, "அட, நம்ம டாக்டரையா!" என்று சிரித்தார்கள். பார்வதி இப்போது தலை நரைத்திருந்தாள். "என்னாங்கய்யா, மறுபடியும் போட்டியா? இப்ப என்னா பரிசு, பிரிட்ஜா?" என்றாள்.

கணக்கப்பிள்ளையிடம் ஒரு நிமிடம் தராசை நிறுத்தச் சொன்னேன். எல்லோரையும் பார்த்துச் சொன்னேன். பிலோமினா முதல் நாள் கல் கட்டிக்கொண்டு வரவில்லை. எதையும் மறைக்கவில்லை. அவருக்கு வந்திருந்தது நோய். அதனால்தான் மெலிந்தார், அதனால்தான் பசித்தது, அதனால்தான் குளிரில் வியர்த்தது. அவர் வந்து என்னிடம் சொன்னார். நான் அவரைப் பொய்க்காரி என்று சொல்லி மேட்டில் ஏறவிட்டேன். அவர் வாய் கோணியது என்னால். பொய் சொன்னது அவர் அல்ல, நான்.

யாரும் சிரிக்கவில்லை. பார்வதி கூடைக் கயிற்றைப் பிடித்தபடி தரையைப் பார்த்தாள். "நானுந்தான்க்கா பேசுனேன்," என்றாள், யாருக்கும் சொல்லாதவள் போல.

பிலோமினா கோலை ஊன்றிக்கொண்டு கூட்டத்தின் கடைசி வரைக்கும் ஒருமுறை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கலய்யா. இன்னொரு தடவ சொல்லுங்க."

நான் குரலை உயர்த்தி, முதலிலிருந்து சொன்னேன்.